அமெரிக்கச் சோளச் சாராயத்துக்கு வரிச் சலுகை! நம்ம பனங்கள்ளுக்குக் கைவிலங்கா?

  

2025 பிப்ரவரி மாதம் டெல்லியில் மத்திய அரசு ஒரு உத்தரவு போட்டது. அமெரிக்காவிலிருந்து வரும் போர்பன் விஸ்கிக்கு இருந்த 150 சதவீத இறக்குமதி வரியை 100 சதவீதமாகக் குறைத்தார்கள். பத்திரிகையில் எட்டாம் பக்கத்தில் சின்னதாக வந்த செய்தி. நம்மில் யாரும் கண்டுகொள்ளவில்லை. போர்பன் என்றால் என்னவென்று நமக்கு என்ன தெரியும்?

அதே வருஷம் கோடையில், பொன்னேரிக்குக் கிழக்கே நம் சங்க உறுப்பினர் ஒருவர் தன் சொந்தக் கொல்லையில், தன் தாத்தா வைத்த பனையில், இரண்டு கலயம் கட்டினார். மூன்றாம் நாள் காலையில் கலயத்தை உடைத்து, ஆளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மதுவிலக்குச் சட்டத்தில் வழக்கு. ஜாமீனுக்கு ஆன செலவு, அவர் அந்தப் போகத்தில் நெல்லில் பார்த்த லாபத்தைவிட அதிகம். அவர் பெயரை இங்கே போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மகளுக்கு வரன் பார்க்கிறார்களாம்.

இந்த இரண்டு செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்காகத்தான் இந்தத் துண்டறிக்கை.

போர்பன் என்றால் என்ன?

கப்பல் வேலைக்குப் போய் வந்த நம்ம ஊர்ப் பிள்ளை ஒருவர் விவரமாகச் சொன்னார். நாங்களும் விசாரித்துத் தெரிந்துகொண்டோம். போர்பன் என்பது மக்காச்சோளத்தில் காய்ச்சுகிற சாராயம். பெரும்பகுதி கென்டக்கி என்கிற மாநிலத்தில் காய்ச்சுகிறார்கள். அமெரிக்கச் சட்டப்படி, தானியத்தில் நூற்றுக்கு 51 பங்காவது மக்காச்சோளமாக இருக்கணும். காய்ச்சினதை, உள்பக்கம் கரிய நெருப்பில் சுட்ட புது ஓக் மரப் பீப்பாயில்தான் ஊற்றி வைக்கணும். ஒரு தடவை போர்பன் வைத்த பீப்பாயில் மறுபடி போர்பன் வைக்கக்கூடாது. (அந்தப் பழைய பீப்பாயெல்லாம் ஸ்காட்லாந்துக்கு விலைக்குப் போகுதாம்.) தண்ணீர் தவிர வேறு எதையும் கலக்கக்கூடாது. சாயம் கூடாது, வாசனைத் தண்ணீர் கூடாது. அந்தச் செம்பு நிறம் மரத்திலிருந்து வரணும். பாட்டிலில் அடைக்கும்போது ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. "ஸ்ட்ரெய்ட்" என்று போட்டால் குறைந்தது இரண்டு வருஷம் பீப்பாயில் இருந்திருக்கணும்.

1897-லேயே இன்னொரு சட்டமும் போட்டார்கள். அதுக்கு முன்னால அந்த ஊரிலும் கலப்படம் தலைவிரித்தாடியது. மட்டச் சாராயத்தில் புகையிலைச் சாறு வரைக்கும் கலந்து, பழைய விஸ்கி என்று விற்றார்கள். அதைத் தடுக்க ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஒரே ஆலையில், ஒரே பருவத்தில் காய்ச்சி, அரசாங்கம் பூட்டுப் போட்ட கிடங்கில் நான்கு வருஷம் வைத்து, 50 சதவீத வீரியத்தில் அடைத்தால்தான் அரசு முத்திரை. எந்த ஆலை என்பதையும் பாட்டிலில் போட்டாக வேண்டும்.

நம்ம பிள்ளை சொன்னதில் எங்களுக்கு உறைத்தது வேறு ஒன்று. அந்த ஊரில் லாரி ஓட்டுகிறவனும் பண்ணைக் கூலிக்காரனும் வாங்குகிற மலிவு பாட்டில் இருக்கிறதே, அதுக்கும் இதே சட்டம்தான். இவான் வில்லியம்ஸ் என்று ஒரு சரக்கு. அங்கே மலிவு வரிசையில் இருப்பது. அதில் வெள்ளை லேபிள் பாட்டில் அந்த 1897 சட்டப்படி அடைத்தது. விலை குறைவு என்றால் வயசு குறைவாக இருக்கும், பெரிய பெயர் இருக்காது. மக்காச்சோளம் என்று போட்டுவிட்டு உள்ளே வேறு ஒன்றை வைக்க முடியாது. கென்டக்கி விவசாயி விதைத்த சோளம் பாட்டில் வரைக்கும் சோளம் என்ற பெயரோடு போகுது.

மலிவான நல்ல மது எது என்று யாராவது கேட்டால், முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். பெயரில் இருப்பது உள்ளே இருக்கிறதா?

நம்ம ஊர் பிராந்தியின் லட்சணம்

இப்போ ராயபுரத்துக்கு வாருங்கள். அங்கே பனைமரத்தொட்டி என்றே ஒரு இடம் இருக்கிறது. இன்றைக்குப் போய்ப் பார்த்தால் பெயரில்தான் பனை. ஆனால் பக்கத்தில் எங்கேயும் பிராந்திக்குப் பஞ்சமில்லை. காசிமேட்டில் வலை இழுத்தவன், தண்டையார்பேட்டையில் மூட்டை தூக்கினவன், எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் வண்டியோடு ராத்திரியெல்லாம் வரிசையில் நின்றவன், மணலியில் ஷிஃப்ட் முடித்தவன், எல்லாருக்கும் சாயங்காலம் ஒரே கவுண்டர். கம்பி வலைக்குள் கை நீட்டி ஒரு குவார்ட்டர். அந்த மனிதர்களில் பாதிப் பேர் நம்ம பிள்ளைகள். உப்பளம் போனதாலும், சாம்பல் கலந்த கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் மீன் குறைந்ததாலும், பயிர்ச்செலவு கட்டுப்படி ஆகாததாலும் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனவர்கள்.

அவர்கள் வாங்கும் குவார்ட்டரின் லேபிளைத் திருப்பிப் படியுங்கள். முன்பக்கம் பிராந்தி. பின்பக்கம் பொடி எழுத்தில் எக்ஸ்ட்ரா நியூட்ரல் ஆல்கஹால், தண்ணீர், அனுமதிக்கப்பட்ட நிறம், மணம். பிராந்தி என்றால் உலகம் முழுக்கத் திராட்சை ரசத்தைக் காய்ச்சியது என்று அர்த்தம். நம்ம நாட்டு விதியில், கலப்பு பிராந்தி என்ற பெயருக்கு நூற்றுக்கு 2 பங்கு திராட்சைச் சரக்கு இருந்தால் போதும். மீதி 98? பெரும்பாலும் மொலாசஸ் என்கிற கழிவுப் பாகிலிருந்து வடித்த ஸ்பிரிட். இல்லாவிட்டால் தானியத்தில் வடித்தது. அந்த நிறம் எந்த மரப் பீப்பாயிலும் ஊறி வந்ததில்லை, சர்க்கரையைக் கருக்கிய சாயம். இப்படி மொலாசஸில் செய்து விஸ்கி என்று பெயர் வைத்த சரக்கை ஐரோப்பாவில் விஸ்கி என்று விற்கவே சட்டம் விடாது.

பிராந்தி வந்த கதையும் இந்தக் கடற்கரையில் தொடங்கியதுதான். 1826-இல் ஆங்கஸ் மெக்டவல் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் சென்னையில் கம்பெனி தொடங்கினார். அப்போ இங்கே துறைமுகம் கிடையாது. தூரத்தில் நிற்கும் கப்பலிலிருந்து மசூலாப் படகில் ஏற்றி அலையில் தள்ளிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். அதையெல்லாம் செய்து வெள்ளைக்காரனுக்குச் சரக்கு இறக்கினார்கள். கரையில் இருந்தவன் கள்ளுக் குடித்தான். கோட்டைக்குள் இருந்தவன் பிராந்தி குடித்தான். இரண்டு நூற்றாண்டு கழித்து, கரையில் இருந்தவனுக்குக் கள்ளும் இல்லை, உண்மையான பிராந்தியும் இல்லை.

கரும்பு விவசாயிகளே, இந்தக் கணக்கை மட்டும் போட்டுப் பாருங்கள்

திருவாலங்காட்டில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. நம் மாவட்டக் கரும்பு அங்கே போகிறது. 2024-25 அரவைப் பருவத்தில் ஒரு டன் கரும்புக்கு மத்திய அரசு விலை 3,151 ரூபாய், மாநில ஊக்கத்தொகை 349 ரூபாய், ஆக 3,500. வெட்டுக்கூலியும் வண்டி வாடகையும் போக மிச்சம் என்னவென்று உங்களுக்கே தெரியும்.

ஒரு டன் கரும்பை அரைத்தால், சர்க்கரையெல்லாம் எடுத்தபிறகு, சுமார் 45 கிலோ மொலாசஸ் மிஞ்சும். அதை வடித்தால் ஏறக்குறைய 10 லிட்டர் சுத்த ஆல்கஹால். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, வீரியம் 42.8 சதவீதம், அதில் இருக்கும் ஆல்கஹால் 77 மில்லி. அப்படியானால் ஒரு டன் கரும்பின் கழிவிலிருந்து 130 குவார்ட்டர். 2024-இல் விலை ஏற்றியபோது சாதாரணக் குவார்ட்டர் 140 ரூபாய்ச் சுற்றில் வந்து நின்றது. பெருக்குங்கள். 18,000 ரூபாய்க்கு மேல்! சர்க்கரை விற்ற காசு தனி. எரிசாராய ஆலைக்கு, பாட்டில் கம்பெனிக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக வரிக்கு என்று அந்தப் பணம் பிரிகிறது. நமக்கு மொலாசஸ் கணக்கில் ஒரு பைசா கிடையாது. அது கழிவாம்!

மொத்தத்தையும் பார்ப்போம். சில்லறை விற்பனையை 2003 நவம்பரில் அரசே கையில் எடுத்தது. 2003-04-இல் டாஸ்மாக் மூலம் வந்த வருமானம் சுமார் 3,639 கோடி. 2024-25-இல் 48,344 கோடி. இந்த இருபத்தொரு வருஷத்தில் நெல்லுக்கு எத்தனை மடங்கு விலை ஏறியது, கரும்புக்கு எத்தனை மடங்கு ஏறியது, யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்.

சுண்ணாம்பு தடவினால் தொழில், தடவாவிட்டால் குற்றம்!

பனை நமக்குத் தெரியாததா? பாளையைச் சீவி, கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர். அதற்கு அனுமதி உண்டு. அதே மரம், அதே பாளை, அதே கலயம், சுண்ணாம்பு மட்டும் இல்லாவிட்டால் கள். அதற்குச் சிறை. 1937-இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1971-இல் தளர்ந்தது, 1973-இல் கள்ளுக்கடை மறுபடி மூடப்பட்டது, 1981-இல் திறந்தது, 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் சேர்த்து மூடப்பட்டன. 1990-இல் மலிவு விலை மது என்று அரசே கொண்டுவந்து 1991-இல் கைவிட்டது. இத்தனை மாற்றத்திலும் சீமைச் சரக்குக் கம்பெனிகளுக்கு ஒரு வழி எப்படியோ கிடைத்துவிட்டது. மரத்துக்குச் சொந்தக்காரனுக்கு 1987-க்குப் பிறகு கிடைக்கவில்லை.

கேரளாவில் கள் உண்டு. புதுச்சேரியில் உண்டு. ஆரம்பாக்கம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் தடா. அங்கிருந்து ஆந்திரா முழுக்க உண்டு. அந்தப் பனைக்கும் நம்ம பனைக்கும் வேர் ஒரே மண்ணில்தான் இருக்கிறது. நடுவில் ஒரு போர்டு நட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பனை நம் மாநில மரம். ஐந்து கோடிப் பனை இருப்பதாகக் கணக்குச் சொல்கிறார்கள். 2021-இல் வேளாண் பட்ஜெட்டில் பனைவிதை லட்சக்கணக்கில் கொடுப்போம் என்றார்கள், மரத்தை வெட்ட கலெக்டர் அனுமதி வேணும் என்றார்கள். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் விதை போட்டு இருபது வருஷம் காத்திருந்து வளர்ந்த மரத்தில் ஏறினால் வழக்கு என்றால், எவன் அதைக் காப்பாற்றுவான்? நுங்கு ஒரு மாசம். ஓலையைப் பழவேற்காட்டுப் பெண்கள் கூடை பின்னக் கேட்பார்கள். அது நல்ல தொழில், ஆனால் எத்தனை ஓலை வேண்டும்? மீதி மரத்துக்குச் செங்கல் சூளைக்காரன்தான் விலை சொல்கிறான். காட்டுப்பள்ளிக்கும் அத்திப்பட்டுக்கும் இடையே முன்பு வானத்தை மறைத்து நின்ற பனை இன்று எண்ணி எடுக்கிற அளவுக்கு வந்துவிட்டது. துறைமுகமும் அனல் மின் நிலையமும் எடுத்தது பாதி. வருமானம் இல்லாமல் நாமே விற்றது பாதி. இதை மறைக்க வேண்டியதில்லை.

கள்ளுக்கு ஒரு குணம் உண்டு. காலையில் இறக்கியது மாலையில் புளித்துவிடும். மறுநாள் வாயில் வைக்க முடியாது. கிடங்கில் அடுக்க முடியாது, கன்டெய்னரில் ஏற்ற முடியாது, விலை ஏறட்டும் என்று பதுக்க முடியாது. இறக்கிய ஊரைச் சுற்றித்தான் விற்றாக வேண்டும். மீஞ்சூர், நாலூர், காட்டூரில் இறக்கினால் எண்ணூரும் திருவொற்றியூரும்தான் சந்தை. துறைமுகத் தொழிலாளி கொடுக்கும் காசு அன்றைக்குச் சாயங்காலமே மரமேறி கைக்கும் கொல்லைக்காரன் கைக்கும் வந்து சேரும். நடுவில் ஆலை இல்லை, ஹோலோகிராம் இல்லை. கள் மீது ஆட்சியாளர்களுக்குக் கோபம் ஏன் என்று கேட்டால், எங்களுக்குத் தெரிந்த பதில் இதுதான்.

"அப்போ குடிக்கச் சொல்றீங்களா?"

நம் சங்கக் கூட்டத்தில் பெண் உறுப்பினர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். ஒருத்தி எழுந்து, "கள்ளோ பிராந்தியோ, அடி வாங்குறது நாங்கதானே?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். ஆண்கள் பக்கம் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் இந்தத் துண்டறிக்கையை அச்சடிக்கக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தோம்.

கள்ளும் போதைதான். தாய்ப்பால், அமிர்தம் என்றெல்லாம் மேடையில் பேசுகிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. குடியே இல்லாத ஊர் வேண்டும் என்று ஒரு அரசு உண்மையிலேயே எல்லாக் கடையையும் மூடினால், முதல் ஆளாய்க் கலயத்தை இறக்கி வைக்க நாங்கள் தயார். ஆனால் 2025-இல் 4,787 கடை திறந்து வைத்துக்கொண்டு, பனை உச்சியில் மட்டும் மதுவிலக்கு பேசுவது எந்த நியாயம்?

வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். கள்ளின் வீரியம் ஏறக்குறைய 5 சதவீதம். புளிக்கப் புளிக்கக் கொஞ்சம் ஏறும்.  ஒரு குவார்ட்டரில் இருக்கும் 77 மில்லி ஆல்கஹாலை கள்ளில் குடிக்க ஒன்றரை லிட்டர் வேண்டும். குவார்ட்டரை ஐந்து நிமிஷத்தில், கடை வாசலில் நின்றபடி, ஒரு பிளாஸ்டிக் தம்ளரில் ஊற்றி இறக்கிவிடுகிறார்கள். ஒன்றரை லிட்டருக்கு உட்கார வேண்டும், நேரம் வேண்டும், வயிற்றில் இடம் வேண்டும். அந்தச் சகோதரிக்கு இது முழுப் பதில் ஆகாது. தெரியும். ஆனாலும் 42.8-க்கும் 5-க்கும் உள்ள தூரம் அவள் வீட்டு வாசலில் தெரியும் என்று நம்புகிறோம்.

இன்னொரு பக்கம் பாருங்கள். குவார்ட்டர் வாங்கவும் காசில்லாதவன் எங்கே போகிறான்? 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் சித்தாமூர்ப் பக்கத்திலும் 20 பேருக்கு மேல் செத்தார்கள். குடித்தது மெத்தனால். சென்னைப் பக்கத்து ரசாயனத் தொழிற்சாலையிலிருந்து போனது என்று காவல்துறையே சொன்னது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். 65 பேருக்கு மேல். அதுவும் மெத்தனால். ஒரு குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுத்தார்கள். பெயின்டுக்கும் பசைக்கும் போகிற ஆலைச் சரக்கு அது. ஆலைகள் சூழ்ந்த நம்ம வட்டாரத்துக்கு இந்த ஆபத்தைப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மலிவு என்ற சொல்லுக்கு ஏழை கொடுத்த விலை அது.

"கள்ளிலும் கலப்படம் செய்வார்களே" என்கிறார்கள். செய்வார்கள். தெலங்கானாவில் குளோரல் ஹைட்ரேட்டும் தூக்க மாத்திரையும் கலந்தார்கள். 2025 ஜூலையில் ஹைதராபாத் குகட்பள்ளியில் கலப்படக் கள் குடித்து உயிர்கள் போயின. பாலில் கூடத்தான் கலப்படம் நடக்கிறது, பசுமாட்டுக்குத் தடை போட்டார்களா? இந்த இடத்தில்தான் அமெரிக்காக்காரனின் 1897 சட்டம் நமக்கு உதவும். எந்த மரம், யார் இறக்கினது, எத்தனை மணிக்கு இறக்கினது, எந்தக் கடை என்பது பதிவில் இருக்கட்டும். மரத்துக்கு நம்பர் போடுங்கள். மரமேறிக்கு அட்டை கொடுங்கள். வட்டாரத்துக்கு ஒரு பரிசோதனை வண்டி விடுங்கள். சுற்றுவட்டத்து மரம் எத்தனையோ அத்தனைக்குத் தக்க அளவுதான் அந்தக் கடையில் விற்கலாம் என்று விதி போடுங்கள். மரத்தைவிடக் கள் அதிகமாக விற்றால் தண்ணீரும் மாத்திரையும் கலந்திருக்கிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கலப்படம் செய்தவனை உள்ளே தள்ளுங்கள். நாங்களே பிடித்துக் கொடுக்கிறோம்.

2009-இல் ஓய்வு பெற்ற நீதிபதி கே.பி.சிவசுப்பிரமணியம் தலைமையில் அரசு ஒரு குழு போட்டது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், இந்தத் தடையை மறுபரிசீலனை செய்ய முடியுமா என்று அரசைக் கேட்டது. ஈரோட்டில் செ.நல்லசாமி தலைமையில் கள் இயக்கம் வருஷக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கிறது. எல்லாம் கொங்குப் பக்கத்துத் தென்னைக்காரன் பிரச்சினை என்று நாம் சும்மா இருந்துவிட்டோம். 2017-இல் தென்னையில் நீரா இறக்க அனுமதி வந்தது; வடக்கே நமக்கு அதிலும் பெரிய பலன் இல்லை, நம்மிடம் இருப்பது பனை.

நாம் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பனை, தென்னை வைத்திருக்கிற சிறு விவசாயிக்குக் கள் இறக்கி விற்க உரிமம் வேண்டும். மரமேறிகள் மீது இருக்கும் வழக்குகளை வாபஸ் வாங்க வேண்டும். பாட்டிலில் விற்கிற சரக்கு எதிலிருந்து வடித்தது, திராட்சை எத்தனை சதவீதம், சாயம் எவ்வளவு என்று முன்பக்கத்தில், தமிழில், கண்ணாடி போடாமல் படிக்கிற அளவு எழுத்தில் போட வேண்டும். மொலாசஸ் வருமானத்தில் கரும்பு விவசாயிக்குப் பங்கு வேண்டும். போர்பனுக்குக் குறைத்த வரியைப் பற்றி நாங்கள் வாதாட வரவில்லை. கென்டக்கி விவசாயி பிழைக்கட்டும். அவனுக்குக் காட்டிய கரிசனத்தில் பாதி போதும்.

பொன்னேரி வட்டாட்சியர் அலுவலகம் முன் நடக்கும் ஆர்ப்பாட்டத்தின் தேதியை அந்தந்தக் கிராமக் கிளைச் செயலாளர் வீடு வீடாக வந்து சொல்வார். வருகிறவர்கள் ஆளுக்கொரு காலிக் குவார்ட்டர் பாட்டில், லேபிள் கிழியாமல், கொண்டுவரவும். தங்கள் கொல்லையில், வரப்பில், ஏரிக்கரையில் எத்தனை பனை நிற்கிறது, எத்தனை பாளை விடுகிறது என்று எண்ணி ஒரு சீட்டில் எழுதி வரவும். கோரிக்கை மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறோம். மரம் ஏறத் தெரிந்தவர்கள் பெயரைத் தனியாகப் பதிவு செய்யவும். அறுபது வயதுக்குக் கீழே ஆள் கிடைத்தால் ரொம்ப நல்லது. பெண்கள் கட்டாயம் வர வேண்டும். முதலில் பேசப்போவது கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்தச் சகோதரிதான். குடித்துவிட்டு வருகிறவர்களுக்குப் பந்தலில் இடம் கிடையாது.